பசித்தவர்கள் ஏன் எங்கள் அலுமாரியைத் தேடி வருவதில்லை?

கேள்வி:

அக்கா, வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. 2022 இல் சாமான் விலை தாறுமாறாக ஏறியபோது நானும் ஊர் இளையவர்கள் சிலரும் சேர்ந்து சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஓர் உணவு அலுமாரி தொடங்கினோம். இன்றுவரை நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் காசு அனுப்புகிறார்கள், உள்ளூர்க் கடைக்காரர்களும் தருகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு காலை பெயர் கூப்பிட்டு, ஒரு குடும்பத்துக்கு 5 கிலோ அரிசி, பருப்பு, மா, சீனி, சோயாமீற், ரின்மீன் என்று பொதி கொடுக்கிறோம்.

இப்போது எனக்கு மனம் விட்டுப்போகிறது. உண்மையாகவே கஷ்டப்படுகிற சில குடும்பங்கள் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். 'ரீச்சர் தன்ரை ஆக்களுக்குத்தான் குடுக்கிறா' என்று ஊரில் கதை. காசு அனுப்புகிற அண்ணா ஒருவர், பொதி வாங்குகிறவர்களின் முகம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். என் முன்பள்ளிக்கு வருகிற ஒரு பிள்ளை காலையில் வெறுந்தேத்தண்ணியோடு வருகிறது. தகப்பன் முதுகு அடிபட்டு வேலைக்குப் போவதில்லை. நான் பொதியைக் கொண்டு வீட்டுக்குப் போனேன். 'நாங்கள் நிவாரணம் வாங்கிற ஆக்கள் இல்லை ரீச்சர்' என்று தாய் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டா. எங்கள் வீட்டிலும் மாதக் கடைசி இறுக்கம்தான், இருந்தும் இதற்காக அலைகிறேன். தொடர்வதா, விடுவதா?

ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

தங்கச்சி, விடாதீர்கள். ஆனால் இப்போது நடத்துகிற விதத்தில் தொடரவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கிற தொல்லைகள் தனித்தனியாகத் தெரிந்தாலும், எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று எனக்குப் படுகிறது. உங்கள் அலுமாரியில் சாப்பாடு எடுப்பது ஊரே பார்க்கிற காரியமாக இருக்கிறது. குறித்த ஒரு நாள், ஒரு நேரம், பெயர் கூப்பிடுதல், கையில் பொதி, சில வேளை படம். இதைத் தாங்கக்கூடியவர் வருகிறார். தாங்க முடியாதவர் வீட்டில் இருந்துவிடுகிறார். வீட்டில் இருந்துவிடுகிறவர்களுக்குள்தான் கூடுதலாகப் பசித்தவர்கள் இருப்பார்கள். சமூகப்பணியில் இத்தனை காலம் இருந்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. யார் ஏமாற்றுகிறார் என்று பிடிப்பதில் செலவாகிற உங்கள் பலத்தை, வெட்கப்படுகிறவர் வரக்கூடிய வழியைத் திறப்பதில் செலவழியுங்கள் என்பதுதான் என் பதில். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வன்னியில் வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சனம் சங்கக் கடை வாசலில் நிவாரணத்துக்கு நின்றது. 2009 இன் முதல் மாதங்களில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கிக்கொண்டே போனவர்கள் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு நின்றார்கள். பிறகு செட்டிகுளத்து முகாம்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீருக்கும் சோற்றுக்கும் நின்றார்கள். மீளக் குடியேறியபோது தறப்பாளுக்கும் தகரத்துக்கும். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும். உங்களைப் படலையில் வைத்துத் திருப்பி அனுப்பிய அந்தத் தாய், இந்த வரிசைகளில் பலவற்றில் சின்னப் பிள்ளையாகவோ குமராகவோ நின்றிருப்பார். அவர் சொன்னதை நான் வீம்பாகப் பார்க்கவில்லை. இனி ஒருக்காலும் அப்படி நிற்கமாட்டேன் என்று எப்போதோ முடிவெடுத்த ஒருவரின் பேச்சு அது. நீங்கள் பொதியோடு போய் நின்றபோது அவருக்கு நீங்கள் தெரியவில்லை, அந்த வரிசைதான் தெரிந்திருக்கிறது. அதற்காக நீங்கள் மனம் நோகத் தேவையில்லை.

இதே ஊரில், இதே சனம், வெட்கமே இல்லாமல் சாப்பாடு வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். அங்கே மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வாங்கிக் குடிக்க யாரும் கூச்சப்படுவதில்லை. கோயில் அன்னதானத்தில் அதிபரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் இருக்கிறார்கள். வைகாசியில் ஊர் ஊராகக் காய்ச்சிக் கொடுக்கிற கஞ்சியை வாங்குகிறவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. எல்லாரும் எடுக்கிற இடத்தில் எடுப்பதற்கு வெட்கம் வராது. உங்கள் அலுமாரியை அப்படி ஓர் இடமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

முடியும். உணவு அலுமாரி என்கிற முறை, விசாரித்துக் கொடுப்பது, விசாரிக்காமல் கொடுப்பது என்று இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்தில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் 1967 இல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்று சொல்கிறார்கள். கடைகள் எறிகிற நல்ல சாப்பாட்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற வேலை அது. பிரித்தானியாவில் பல உணவு வங்கிகள் சீட்டு முறையில் நடக்கின்றன. வைத்தியரோ பாடசாலையோ சமூகப்பணியாளரோ ஒரு சீட்டுக் கொடுப்பார், அதைக் கொண்டுபோய்ச் சாமான் எடுக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, பிலிப்பைன்சில் 2021 சித்திரையில், கொரோனா முடக்கம் நடந்துகொண்டிருந்தபோது, கெசோன் நகரத்து மகின்ஹாவா வீதியில் அனா பத்ரிசியா நொன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் வண்டிலில் கொஞ்சச் சாமான் வைத்தார். இயன்றதைக் கொடு, தேவையானதை எடு என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பெயர் இல்லை, பதிவு இல்லை, கேள்வி இல்லை. சில நாட்களுக்குள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் அதேபோல வண்டில்களும் மேசைகளும் முளைத்தன.

உங்கள் ஊருக்கு இரண்டும் வேண்டும் என்பேன். ஒன்று, யாரும் வந்து எடுக்கிற திறந்த அலுமாரித் தட்டு. மற்றது, அந்தத் தட்டினால் தீராத கஷ்டத்தில் இருக்கிற வீடுகளுக்குச் சத்தமில்லாமல் போகிற பெரிய உதவி. இப்போது நீங்கள் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு அமுக்கியிருக்கிறீர்கள்.

முதலில் திறந்த தட்டைப் பார்ப்போம். மாதம் ஒருக்கா பெயர் கூப்பிடுவதை நிறுத்துங்கள். கிழமையில் இரண்டு பின்னேரம், சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க ஆட்கள் வருகிற அதே நேரத்தில், பின்னறையைத் திறந்து வையுங்கள். ஒரு பின்னேரமாவது கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருகிற நேரத்தைத் தாண்டி இருட்டும்வரை திறந்திருக்கட்டும். அரிசி, பருப்பை ஒரு கிலோ, அரைக் கிலோப் பைகளாகக் கட்டி வையுங்கள். அதோடு ஊரில் விளைகிறதும் அந்தத் தட்டில் இருக்க வேண்டும். முருங்கைக்காய், பூசணி, பப்பாசி, தேங்காய், வாழைக்காய், கீரை. எந்த வளவிலும் ஒன்று மிஞ்சும். உங்கள் ஊர் அதிபர் வீட்டு முருங்கைக்காயை இன்னொருவர் எடுக்க, அதிபர் வீட்டுக்காரர் வேறொரு வளவுப் பப்பாசியை எடுத்துப் போகட்டும். அப்படி நடந்தால், அந்த அறைக்குள் ஒருவர் போகிறார் என்பதை வைத்து அவர் வீட்டு அடுப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. இதற்காகவே முதல் கிழமைகளில் ஊரில் மதிப்பானவர்கள் சிலரை வந்து ஏதாவது எடுத்துப் போகச் சொல்லுங்கள். நாடகமாகச் செய்யச் சொல்லவில்லை. அவர்களுக்கும் பூசணித் துண்டு வேண்டும்தானே.

பொதி கட்டி நீட்டுவதற்குப் பதிலாக, வருகிறவரே தட்டில் பார்த்து எடுக்கட்டும். சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டுக்கு நீங்கள் சீனி கொடுக்கிறீர்கள். மச்சம் சாப்பிடாத நாளில் ரின்மீன் போகிறது. தானே எடுக்கிறவர் தேவையில்லாததை விட்டுவிட்டுப் போவார், வீணாவதும் குறையும். கூட எடுத்துவிடுவார்களே என்று பயப்படுவீர்கள். அரிசியிலும் ரின்மீனிலும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதி வையுங்கள். மரக்கறிக்கு அளவு வேண்டாம்.

மோட்டார் சைக்கிள்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,600 கலோரி இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் நிவாரணத்தைத் திட்டமிடும்போது வைக்கிற கணக்கு. அப்படியென்றால் நீங்கள் கொடுக்கிற 5 கிலோ அரிசி நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாள் பலம். அதை வாங்கி ஒருவர் பணக்காரராகப் போவதில்லை. அதற்காக ஊர்முன் வந்து நிற்கத் துணிகிறார் என்றால், பெரும்பாலும் அந்த வீட்டிலும் ஏதோ இறுக்கம் இருக்கும். மோட்டார் சைக்கிள் லீசிங்கில் இருக்கலாம். நல்ல வீட்டுத்திட்ட வீடாக இருக்கும், உள்ளே கிழமைக் கடன்காரருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். நகை வங்கியில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டொருவர் தேவையில்லாமலும் எடுப்பார்கள்தான். எடுக்கட்டும். அவர்களைத் தடுக்க நீங்கள் வைக்கிற ஒவ்வொரு கேள்வியும், ஒவ்வொரு கையெழுத்தும், தேவைப்படுகிற இன்னொருவரைப் படலையோடு திருப்பிவிடும்.

இனிச் சத்தமில்லாத உதவி. இதற்கு மட்டும் தெரிவு வேண்டும். அந்தத் தெரிவை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். குடும்பநல மாது, கிராம அலுவலர், மாதர் சங்கத்தில் வாய் காக்கக்கூடிய ஒருவர், நீங்கள் என்று நாலு பேர் போதும். குடும்பநல மாது வீடு வீடாகப் போகிறவர், பிள்ளைகளை நிறுக்கிறவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் பெயர் சொல்லத் தேவையில்லை, 'ஒரு வீட்டுக்கு வேணும்' என்று சொன்னால் போதும். கொப்பியில் பெயருக்குப் பதில் இலக்கம் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

வீட்டு நிலையை அறிய 'உங்களிட்டைச் சாப்பாடு இருக்கோ?' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உணவுப் பாதுகாப்பு ஆய்வுகளில் கடந்த 7 நாட்களைப் பற்றி ஐந்து விஷயம் கேட்பார்கள். வழக்கத்தைவிட மலிவான, விருப்பமில்லாத சாப்பாட்டோடு சமாளித்தீர்களா, அயலில் கடன் வாங்கிச் சமைத்தீர்களா, தட்டில் போடுகிற அளவைக் குறைத்தீர்களா, பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் விட்டீர்களா, ஒரு நாளில் சாப்பிடுகிற வேளையைக் குறைத்தீர்களா. கொப்பியும் பேனையுமாகப் போய்க் கேட்கிற கேள்விகள் இல்லை இவை, கதையோடு கதையாக வர வேண்டும். நாலாவதுக்கு 'ஓம்' என்று வந்தால் அந்த வீட்டில் தாய் பட்டினி கிடக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக்கும் 'ஓம்' என்றால் அன்றைக்கே ஏதாவது செய்யுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. முன்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையில் ஏதாவது கொடுங்கள். எல்லாருக்கும். ஒரு நாள் இலைக்கஞ்சி, ஒரு நாள் அவித்த பயறு தேங்காய்ப்பூவோடு, ஒரு நாள் கௌபி, ஒரு நாள் உழுத்தங்களி. முட்டை கிடைக்கிற நாளில் முட்டை. அலுமாரிக்கு வருகிற காசில் முதல் பங்கு இதற்குப் போகட்டும் என்றுகூடச் சொல்வேன். இதில் தெரிவு இல்லை, ஆகவே எந்தப் பிள்ளையும் 'ஏலாதவர் வீட்டுப் பிள்ளை' ஆகாது. எந்தத் தாயும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

சமைக்கத் தாய்மாரை முறை போட்டுக் கூப்பிடுங்கள். அந்தத் தாயையும் மற்ற எல்லாரையும் போலவே கூப்பிடுங்கள். 'கஞ்சி காய்ச்ச ஒரு கை குறையுது, வியாழக்கிழமை வாறீங்களோ?' அவ்வளவுதான். அவர் வளவில் முருங்கை நின்றால் இலை கேளுங்கள். உண்மையாகவே உங்களுக்கு அது தேவை, அதனால் அதில் பொய்யும் இல்லை. சமைக்கிற நாளில் சமைத்தவர்கள் எல்லாரும் அங்கேயே சாப்பிடுவது வழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினதை எல்லாரும் பகிர்ந்து கொண்டுபோகட்டும். பொதி கொண்டுபோன அன்றைய கதையை அவராக எடுக்காவிட்டால் நீங்கள் எடுக்காதீர்கள். மாதங்கள் போகலாம். அவர் கடைசிவரை பொதி வாங்காமலே இருந்தாலும், பிள்ளை சாப்பிட்டுவிட்டது.

தகப்பனுடைய முதுகுக்கு அலுமாரியில் மருந்து இல்லை. மாவட்ட வைத்தியசாலைக்குப் போகிறாரா என்று கணவரோ அண்ணனோ போன்ற ஓர் ஆண் ஆளைக் கொண்டு விசாரியுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அஸ்வெசும, அதாவது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசு, கிடைக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். 2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அது வந்தபோது பல குடும்பங்கள் விடுபட்டன. விண்ணப்பித்த பிறகு தகப்பன் விழுந்து படுத்திருந்தால், பழைய தகவலின்படி அவர்கள் வசதியான வகையில் இருக்கக்கூடும். மேன்முறையீட்டுக்கும் புதிய விண்ணப்பத்துக்கும் காலம் அறிவிக்கும்போது படிவம் நிரப்பிக் கொடுக்க உங்கள் இளையவர்களில் இரண்டு பேரை ஒதுக்குங்கள். ஒரு படிவம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மாதா மாதம் வீட்டுக்கு வருகிற காசு, உங்கள் பொதியைவிடக் கூடுதலாக உதவும். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் நிறை குறைந்திருந்தால் திரிபோஷா என்கிற சத்துமாவுக்கு உரித்துண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அப்படித்தான். இன்னொன்று. கைக்குழந்தைக்கான பால்மாவை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் தட்டில் வைக்காதீர்கள், குடும்பநல மாதுவிடம் ஒப்படையுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையை அது மாற்றிவிடும், அடுத்த மாதம் பால்மா வராதபோது அந்தத் தாய்க்கு இரண்டும் இல்லாமல் போய்விடும்.

படம் கேட்கிற அண்ணாவோடு கோபிக்க வேண்டாம். அங்கே குளிரில் இரவு வேலை செய்து அனுப்புகிற காசு அது. ஊருக்கென்று அனுப்பியது யாருடைய பொக்கற்றுக்கோ போன கதை அவரும் கேட்டிருப்பார். அவருக்கு வேண்டியது நம்பிக்கை. முகத்துக்குப் பதிலாக வேறொன்றால் அதைக் கொடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'அண்ணா, நீங்கள் அனுப்பினது கிடைத்தது. கடைப் பற்றுச்சீட்டும் தட்டின் படமும் அனுப்பியிருக்கிறேன். இந்த மாதம் எத்தனை வீட்டுக்கு என்னென்ன போனது என்ற கணக்கும் இருக்கிறது. சனத்தின் முகத்தைப் படம் எடுப்பதில்லை என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். உங்கள் அம்மா இருந்து, அவவுக்கு ஒரு மாதம் இது தேவைப்பட்டிருந்தாலும் இப்படித்தான் செய்திருப்போம்.' இதற்குப் பிறகும் முகம்தான் வேண்டும் என்றால் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் பேஸ்புக்கில் ஒரு பிள்ளை பொதியோடு நிற்கிற படம் அந்தப் பிள்ளை ஓ.எல் எடுக்கிற காலத்திலும் அங்கேயே கிடக்கும்.

கணக்கு விஷயத்தில் நீங்கள் இறுக்கமாக இருக்க வேண்டும். காசு உங்கள் சொந்தக் கணக்குக்கு வருகிறதென்றால் இந்த மாதமே நிறுத்துங்கள். சனசமூக நிலையத்தின் பெயரிலோ மாதர் சங்கத்தின் பெயரிலோ இரண்டு பேர் கையெழுத்தோடு கணக்கு இருக்கட்டும். வரவு செலவை மாதம் முடிய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். 'தன்ரை ஆக்களுக்கு' என்ற கதைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அந்தக் கதையில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் குழுவில் இருப்பவர்கள் எந்த வீதிக்காரர்? ஊர் ஓரத்தில் காணி உறுதி இல்லாமல் இருக்கிற குடும்பங்கள், எழுபதுகளிலும் பிறகும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், கடற்கரைப் பக்கத்தவர்கள், முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் அவர்கள், இவர்களில் யாராவது உங்கள் மேசையில் இருக்கிறார்களா? சொந்தக்காரருக்கு வேண்டுமென்று யாரும் கொடுப்பதில்லை. தெரிந்த வீட்டின் கஷ்டம் மட்டும் கண்ணில் படுவதால் அப்படி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வசனத்தில் நான் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டிலும் மாதக் கடைசி இறுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கிற கொடுப்பனவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தங்கச்சி, அந்தத் தட்டிலிருந்து நீங்களும் எடுங்கள். சுவரில் எழுதியிருக்கிற அதே அளவு, மற்றவர்கள் எடுக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில். உங்களோடு வேலை செய்கிற பெடியன் பெட்டைகளுக்கும் அதைச் சொல்லுங்கள். ரீச்சர் எடுக்கிறா என்று ஊர் கண்டால்தான் மற்றவர்களுக்கும் அது சாதாரணமாகும். முறை போட்டு வேலை செய்யுங்கள். ஒருவருக்கு மாதத்தில் இரண்டு பின்னேரத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கைப்பேசி இலக்கத்தை அலுமாரியின் இலக்கமாக ஊருக்குக் கொடுத்திருந்தால், வேறொரு சிம் வாங்கிக் குழுவில் மாற்றி மாற்றி வைத்திருங்கள்.

களஞ்சியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதையும் நிலத்தில் வைக்காதீர்கள், 2018 மார்கழி வெள்ளத்தை உங்கள் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் கழுவிக் காயவைத்துக் கொடுக்காதீர்கள், எறியுங்கள். அதில் உண்டாகிற நஞ்சு சமைத்தாலும் போகாது. சீனியும் கோதுமை மாவும் குறைந்து, நெத்தலியும் பயறும் பருப்பும் கூடினால் நல்லது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதைக் கஞ்சி காய்ச்சுகிற தாய்மாருக்குச் சொல்லுங்கள்.

காலத்தைக் கொஞ்சம் முன்கூட்டி யோசியுங்கள். 2022 புரட்டாதியில் கொழும்பு விலைக் கணக்கின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பிறகு பணவீக்கம் இறங்கியது, ஆனால் விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. கூலி மட்டும் இன்னும் பின்னால்தான் வருகிறது. அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு பஞ்ச காலம் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை, கையில் இருந்ததெல்லாம் விதைப்புக்கும் உரத்துக்கும் போயிருக்கும், மழையில் கூலி வேலை இருக்காது, முல்லைத்தீவுக் கடலுக்கும் இறங்க ஏலாது. காலபோக வெட்டு முடிகிற மாசி, பங்குனியில் நெல் விலை விழுந்து கிடக்கும். உங்கள் வெளிநாட்டு அண்ணாமாரிடம் அந்த நேரத்தில் காசு கேளுங்கள். அரிசியாக வாங்காமல் நெல்லாக வாங்குங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காயவிட்டு மூடையில் போட்டு, மரச் சட்டத்தின் மேல் அடுக்கினால் மழைக் காலம்வரை இருக்கும். தேவைக்குத் தேவை மில்லில் குத்துங்கள். 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும், தவிட்டை மாடு வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். கமக்காரர் அமைப்பில் பேசினால் வெட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு கடகம் நெல் தருகிறவர்களும் இருப்பார்கள்.

முதல் மாதம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முன்பள்ளிக் கஞ்சியும் இரண்டு பின்னேரமும் முதலில். பெயர் கூப்பிடுவதை நிறுத்தப்போகிறோம் என்று இப்போது பொதி வாங்குகிற குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அலுமாரியை மூடுகிறீர்கள் என்று கதை பரவும். சுவரில் ஒட்டப்போகிற விதிகளை எழுதி முடித்ததும், ஒட்ட முதல் எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.